சிவப்புச் சீட்டு

ஜனவரி 9

அக்காவுக்கு,

பதினோரு மாதமாகப் போன் பண்ணிப் பார்த்தாயிற்று. நீ எடுக்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் விரல் தானாக உன் நம்பருக்குத்தான் போகிறது. என் பொண்டாட்டி நேற்றுச் சொல்லிவிட்டாள்: "போன எடுக்காதவங்க லெட்டர் வந்தா பிரிச்சுப் பார்க்காமலா இருப்பாங்க? எழுதித்தான் பாருங்களேன்." அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்கு அப்புறம் நான் எழுதுகிற முதல் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். என் கட்டுரை நோட்டையெல்லாம் திருத்திக் கொடுத்தவள் நீதானே.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் அறையை இன்னும் அப்படியே வைத்திருக்கிறோம். கட்டில் இருக்கிறது. ஆக்ஸிஜன் சிலிண்டர் நின்ற இடத்தில் தரையில் வட்டமாகத் துருக்கறை. என் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை வருகிறது. சமையலறை மேசையில் உட்கார்ந்து படிக்கிறாள். குக்கர் விசில் அடிக்கிறபோதெல்லாம் கணக்கு தப்பிப் போகிறதாம். 'ஆபீஸ்லயும் விசில், வீட்லயும் விசில்' என்று என்னைத்தான் திட்டுகிறாள். அறையை அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்றால் கட்டிலை நகர்த்த எனக்குக் கை வரவில்லை. நீ ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, சரி எடு என்று சொன்னால்தான் மனசு ஆறும். அப்பா போனபோது மூன்று நாள் இருந்தாய். முதல் நாள் காலைக்கு அப்புறம் அந்த அறைப்பக்கமே நீ வரவில்லை. என் பக்கமும்தான்.

இங்கே வேறு விசேஷம் இல்லை. விமான நிலையத்தில் அதே வேலை, அதே மூன்றாம் வாசல், அதே டாக்ஸி வரிசை. விசில் ஊதி வரிசையை ஒழுங்குபடுத்தி, வருகிறவர்களுக்குச் சீட்டுக் கொடுத்து வண்டியில் ஏற்றிவிடுகிறேன். காலையில் வந்து படுக்கிறேன்.

வருவாயா? வரமாட்டாய் என்றால் அதையாவது எழுது.

உன் தம்பி

பிப்ரவரி 2

தம்பிக்கு,

'வேறு விசேஷம் இல்லை' என்று எழுத உனக்கு எப்படியடா மனசு வந்தது?

உனக்கு மறந்திருக்கலாம், நான் ஞாபகப்படுத்துகிறேன். போன வருஷம் இதே மாதம். அப்பா எந்த நேரமும் போய்விடுவார் என்று நீதான் போன் பண்ணினாய். நான் இங்கே பல் செட் செய்கிற கூடத்தில் கையில் மெழுகோடு நின்றிருந்தேன். கையைக் கூடச் சரியாகக் கழுவாமல் கிளம்பினேன். இரண்டு விமானம் மாறி, இரவு ஒன்றே காலுக்கு உன் மூன்றாம் வாசலுக்கு வெளியே வந்தால் எனக்கு முன்னால் ஊரே நிற்கிறது. போனில் கூப்பிடுகிற கார் ஒன்றுகூட இல்லை. வரிசையின் தலைமாட்டில் மஞ்சள் அங்கியும் விசிலுமாக என் கூடப் பிறந்தவன். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அந்தச் சிவப்புச் சீட்டைப் பற்றி என்னிடம் எத்தனை தடவை பெருமை அடித்திருக்கிறாய்! வரிசையில் யார் வந்து ஆஸ்பத்திரி என்றாலும், பிரசவம் என்றாலும், சாகக் கிடக்கிறார்கள் என்றாலும் அத்தாட்சி கேட்காமல் சிவப்புச் சீட்டைக் கிழித்துக் கொடுத்து முதல் வண்டியில் ஏற்றிவிடுவோம், அதுதான் எங்கள் வாசலின் கௌரவம் என்று சொல்வாயே. அன்றைக்கு எனக்கு இரண்டு ஆள் முன்னால் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் நின்றார். "சார், எங்க அப்பாவுக்கு ரொம்ப சீரியஸ்" என்றார். நீ மறுபேச்சுப் பேசாமல் சிவப்புச் சீட்டைக் கிழித்து, அவர் பெட்டியை நீயே தூக்கி வண்டியில் வைத்தாய்.

அவர் அப்பா அப்பா. என் அப்பா யாரடா?

எனக்கு வண்டி கிடைத்தபோது மூன்று நாற்பது. வீட்டு வாசலில் இறங்கியபோது நான்கு முப்பத்தைந்து. அப்பா போனது நான்கு ஐந்துக்கு என்று உன் பொண்டாட்டி அழுதுகொண்டே சொன்னாள். கையைத் தொட்டுப் பார்த்தேன், சூடு ஆறவில்லை. அரை மணி நேரம். ஒரே ஒரு சீட்டு.

கட்டிலை நகர்த்த என் அனுமதி எதற்கு? அதற்கும் வரிசையில் நிற்க வேண்டுமா?

அக்கா

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

நீ திட்டினாலும் எழுதினாயே, அது போதும். உன் கையெழுத்து மாறவே இல்லை. கோபம் வந்தால் எழுத்தெல்லாம் வலது பக்கம் சாய்ந்து ஓடுகிறது.

என் பக்கத்தையும் கொஞ்சம் கேள். அன்றைக்குத் தாமதமாக வந்த இன்னொரு விமானமும் உன் விமானமும் ஒன்றாக இறங்கின. வரிசையில் எண்பத்து மூன்று பேர். பின்னால் மைதானத்தில் காத்திருந்த வண்டிகள் பதினான்கு. போன வண்டி திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்த நேரத்தில் ரயில் இல்லை, முதல் பஸ் நாலரைக்கு. நான் என்ன, வண்டியைப் பையிலிருந்தா எடுக்க முடியும்?

இன்னொன்று. எங்களோடு நெட்டை என்று ஒருவர் இருந்தார். ஒரு மழை நாளில் தன் மச்சானை வரிசைக்கு முன்னால் விட்டார். ஜனங்கள் போனில் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு வருஷ வேலை ஒரே நாளில் போயிற்று. மறுநாளே நான் எல்லா டிரைவர்களையும் கூப்பிட்டுச் சொன்னேன்: "என் வீட்டு ஆளு யாரு வந்தாலும் வரிசையில கடைசி. ஒருத்தரும் என்னைப் பார்த்து விரல் நீட்டக் கூடாது." இன்றுவரை யாரும் நீட்டியதில்லை. அன்றைக்கு அது என் ஷிஃப்ட்டே இல்லை, தெரியுமா? நீ வருகிறாய், இறங்கியதும் ஏற்றிவிடலாம் என்று இன்னொருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி மாற்றி வாங்கினேன். டாக்டரும் இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்றுதான் சொல்லியிருந்தார். வேலைக்குப் போகாமல், பக்கத்து வீட்டு ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு வெறும் தம்பியாக வந்து நின்றிருந்தால் உன்னைக் கூட்டிப் போயிருப்பேன். அந்த அங்கியைப் போட்டதுதான் நான் செய்த தப்பு.

கூட்டத்தில் உன்னை நான் பார்க்கவும் இல்லை. பார்த்தபோது மணி மூன்று ஆகிவிட்டது. நீயாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா? யாரோ ஒருவர் கேட்கிறார், கொடுக்கிறேன். நீ ஏன் கேட்கவில்லை?

கடைசியாக ஒன்று, கோபப்படாதே. ஆறு வருஷம் அப்பாவைக் குளிப்பாட்டி, துடைத்து, திருப்பிப் படுக்க வைத்தது நான். அரை மணி நேரத்துக்கு இத்தனை பேச்சுப் பேசுகிற நீ, அந்த ஆறு வருஷத்தில் எத்தனை தடவை வந்தாய்?

உன் தம்பி

மார்ச் 8

தம்பிக்கு,

ஒரு தடவைகூட வரவில்லை. போதுமா? எழுதி வைத்துக்கொள்.

இப்போது நான் கேட்கிறேன். என்னைப் பார்க்கவே இல்லை என்று எழுதியிருக்கிறாய். நீ பார்த்ததை நான் பார்த்தேன். நான் வெளியே வந்த ஐந்தாவது நிமிஷம், தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில், விளக்குக்கு நேர் கீழே. கண்ணும் கண்ணும் பார்த்தோம். நான் சிரிக்கக்கூடச் செய்தேன். நீ விசிலை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாய். கொஞ்ச நேரம் கழித்து வரிசையை ஒதுக்கிக்கொண்டே வந்தாய். "கம்பிக்கு இந்தப் பக்கம் நில்லுங்க, வழியை விட்டு நில்லுங்க" என்று எல்லாரிடமும் சொன்ன மாதிரி என்னிடமும் சொன்னாய். கூடப் பிறந்த அக்காவை, நில்லுங்க!

நான் ஏன் கேட்கவில்லை என்றா கேட்கிறாய்? என் அப்பா சாகக் கிடக்கிறார் என்று என் தம்பியிடமே நான் மனுப் போட வேண்டுமா? அவருக்கு மூச்சு இழுக்கிறது என்று எனக்குச் சொன்னதே நீதானே.

இனிமேல் எழுதுவதானால் உண்மையை எழுது. மூச்சு முட்டுகிற அளவுக்கு நியாயம் எழுதாதே. இல்லாவிட்டால் எழுதாமலே இரு. நமக்குள் சமாதானம் வரவில்லை என்றால் யார் குடியும் முழுகிப்போகாது. அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. வந்து பஞ்சாயத்துப் பண்ண ஆளும் இல்லை.

அக்கா

மே 17

அக்காவுக்கு,

இரண்டு மாதம் ஆகிவிட்டது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் நீ சொன்ன மாதிரி நியாயம்தான் வந்தது.

போன வாரம் இரவு வேலையில் ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. "என்னை ஞாபகம் இல்லையா? போன வருஷம் எங்க அப்பாவுக்கு சீரியஸ்னு சொன்னதும் பெட்டியை நீங்களே தூக்கி வச்சீங்களே" என்றார். சாம்பல் நிறக் கோட்டுக்காரர். அவர் போய்ச் சேர்ந்தபோது அவருடைய அப்பாவுக்கு நினைவு இருந்ததாம். இருபது நிமிஷம் பேசினாராம். அதுவரைக்கும் சொல்லாத விஷயமெல்லாம் சொன்னாராம். "அந்த இருபது நிமிஷம் நீங்க குடுத்தது சார்" என்று சொல்லி, பெரிய மனிதர், நடுரோட்டில் நின்று அழுதார். நான் கையை உதறிக்கொண்டு சாவடிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே வரிசை நின்றது. பத்து நிமிஷம் நான் வெளியே வரவில்லை.

அக்கா, உன்னைப் பார்த்தேன். நீ எழுதின மாதிரியேதான். விளக்குக்குக் கீழே, நீலப் பையோடு. நீ சிரித்ததும் தெரியும்.

ஏன் திரும்பிக்கொண்டேன் என்று சொல்கிறேன். கடைசி ஒரு வாரம் அப்பா வேறு பேச்சே பேசவில்லை. 'பெரியவ வந்துட்டாளா, பெரியவ எங்க இருக்கா.' நான் அவர் முதுகைத் தாங்கித் திருப்பிக்கொண்டிருப்பேன். அவர் என் தோளுக்கு மேலே வாசலைப் பார்ப்பார். ஆறு வருஷத்தில் ஒரு நாளும் முகம் மழிக்க விட்டதில்லை, கத்தியை எடுத்தாலே தள்ளிவிடுவார். அன்று சாயங்காலம் அவரே கேட்டார்: "முகத்தை மழிச்சு விடுடா. பெரியவ வரா, இப்படியா கிடக்கிறது?" மழித்துவிட்டேன். தலை சீவிவிட்டேன். சட்டை மாற்றினேன். கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார் அக்கா. எனக்கு வயிறு எரிந்தது. சொல்லவே நாக்குக் கூசுகிறது, எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் வேலைக்கு வந்தேன். உன்னைக் கண்டதும், கொஞ்ச நேரம் நிற்கட்டும், என்ன இப்போது என்று தோன்றியது. அவ்வளவுதான். இதற்கு மேல் ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டு நானே வந்து பையை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் மைதானத்தில் வண்டி தீர்ந்துவிட்டது. கடைசியாக மிஞ்சிய வண்டிக்குத்தான் அந்தக் கோட்டுக்காரருக்குச் சிவப்புச் சீட்டுக் கிழித்தேன், அவர் போனது பதினான்காவது வண்டி. அப்புறம் எனக்கு உன் முகத்தைப் பார்க்கவே பயம்.

நெட்டை கதை நிஜம்தான். ஆனால் வீட்டு ஆள் கடைசி என்று நான் போட்ட சட்டம் வரிசையில் எல்லாருக்கும் கொடுக்கிற சாதாரண வெள்ளைச் சீட்டுக்கு மட்டும்தான். சிவப்புச் சீட்டுக்கு வீட்டு ஆள், வெளி ஆள் என்று எதுவும் கிடையாது. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

அந்த மனிதர் வந்து போன மறுநாள் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லி, என் மேல் நடவடிக்கை எடுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சொந்தக்காரங்களை முன்னால விட்டேன்னு சொன்னா எழுதலாம். விடலைன்னு சொன்னா நான் என்னத்தைய்யா எழுதுறது? போய்த் தூங்குங்க" என்றார். எனக்குத் தண்டனை கொடுக்கக்கூட ஆள் இல்லை அக்கா.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதை என் பொண்டாட்டி என்னிடம் மட்டும்தான் சொன்னாள், யாருக்கும் சொல்லாதே என்று நான்தான் அவள் வாயை அடைத்தேன். நான்கு மணி சுமாருக்கு அப்பா, "அவளுக்கு வண்டி கிடைக்கலையோ?" என்று கேட்டாராம். "வந்துகிட்டே இருப்பாங்க மாமா" என்றாளாம் இவள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாராம்: "சின்னவன் அங்கதானே இருக்கான். அவன் ஏத்தி விட்டுருவான்." அதற்கு அப்புறம் அவர் பேசவில்லை.

நீ என்னை மன்னிக்க வேண்டாம். தெரிந்துகொண்டால் போதும்.

தம்பி

ஜூன் 21

தம்பிக்கு,

உன் கடிதம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. சாப்பிடவில்லை. அதற்கு அப்புறம் செய்த மெழுகு அச்சில் முன்பல் இரண்டும் கோணலாக வந்தன. இருபது வருஷத்தில் எனக்கு அப்படி வந்ததே இல்லை. கூடத்துக்காரர், "உடம்பு சரியில்லன்னா வீட்டுக்குப் போங்க" என்றார். போனேன். போய் உன்னைத் திட்டி எட்டுப் பக்கம் எழுதினேன். பாவி, படுபாவி என்றெல்லாம் எழுதினேன். உனக்கு வயிறு எரிந்த கதையைப் படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மழித்த முகத்தோடு அப்பா என்னைத் தேடிக்கொண்டிருந்தாரே என்று விடிய விடிய அழுதேன். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அந்த எட்டுப் பக்கத்தை அனுப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நீ ஏன் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரிக்குத்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. மனுப் போட வேண்டுமா என்று வாய் கிழியப் பேசினேன். அது பொய்யடா. உன்னைப் பொய்யன் என்று சொல்லிவிட்டு நானே பொய் எழுதினேன்.

அன்றைக்கு வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் எத்தனை தலை என்று எண்ணினேன். நாற்பதுக்கு மேல் இருந்தது. எண்ணி முடித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா, இன்னும் நேரம் இருக்கிறது என்று தோன்றியது. ஆறு வருஷமாக இந்த வருஷம் வருகிறேன், அடுத்த வருஷம் வருகிறேன் என்று போனில் சொல்லிச் சொல்லியே ஓட்டினேன். அவர் எலும்பும் தோலுமாகக் கிடப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. 'ஏண்டி வரல' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. விமானத்தில் வந்த அத்தனை மணி நேரமும் அதே நினைப்பு. நீ திரும்பிக்கொண்டபோது எனக்கு வலித்தது. கூடவே நிம்மதியாகவும் இருந்தது. இனி தாமதம் ஆனால் என் தப்பு இல்லை.

இதுவரைகூட மன்னித்துவிடுவாய். இதைக் கேள். இரண்டு மணி இருக்கும், நான் இன்னும் வரிசையின் நடுவில். ஒரு வண்டி கம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. திரும்பி வந்த முதல் வண்டிகளில் ஒன்று. அதில் ஏறின அம்மாள் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்து, "தண்ணித் தொட்டிப் பக்கம் போறேன், தனியாப் போக பயமா இருக்கு. யாராச்சும் வரீங்களா?" என்று கேட்டாள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து நம் வீடு எவ்வளவு தூரம்? நடந்தாலே ஐந்து நிமிஷம். என்னை நேராகப் பார்த்துத்தான் கேட்டாள். நான், "பரவாயில்லைங்க, நீங்க போங்க" என்றேன். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். நீ அப்போது அந்தக் கோடியில் ரேடியோவில் கத்திக்கொண்டிருந்தாய், பார்க்கவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை. அந்த வண்டி மூன்று மணிக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். அப்பா அப்போது விழித்துக்கொண்டிருந்தார்.

பதினாறு மாதமாக இதை உன் தலையில் கட்டி வைத்துவிட்டு, உன் போனை எடுக்காமல் நான் மட்டும் நல்லவளாக இருந்தேன். நீ சீட்டுக் கொடுக்கவில்லை என்பது நிஜம். கொடுத்திருந்தாலும் நான் ஏறியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது. அதுதான் என்னைக் கொல்கிறது. சின்னவன் ஏற்றி விடுவான் என்று அப்பா சொன்னது உனக்கு முள். எனக்கும் அதே முள்தான், ஏற்றிவிட்டால் நான் ஏறி வந்துவிடுவேன் என்று நினைத்தாரே.

உன் மகளுக்குப் பரீட்சை முடிந்தே போயிருக்கும். நம் இரண்டு பேர் வீம்பில் அந்தக் குழந்தை குக்கர் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதி முடித்திருக்கும். கட்டிலை எடுத்துவிடாதே என்று சொல்ல மாட்டேன். நான் வந்ததும் இரண்டு பேருமாகப் பிடித்து நகர்த்துவோம். தனியாகத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்ளாதே.

ஆகஸ்ட் மூன்றாம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். இந்தத் தடவையும் இரவு விமானம்தான், ஒரு மணிக்கு மேல் ஆகும் வெளியே வர. எனக்கு வாய் விட்டுக் கேட்கிற பழக்கம் கிடையாது, உனக்கே தெரியும். இப்போது கேட்கிறேன். அன்றைக்கு வேலைக்குப் போகாதே. வாசலில் வந்து நில். நான் வரிசைப் பக்கம் போகப் பார்த்தால் விடாதே, பரவாயில்லை நீ போ என்று சொன்னாலும் கேட்காதே. அப்பா இல்லாத அந்த வீட்டுக்குள் தனியாக நுழைய எனக்குப் பயமாக இருக்கிறது. வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போடா.

அக்கா